முழுமையான குத்துச்சண்டை வீரன் என்று யாரைச் சொல்லலாம்? ஒரு பெடியனுக்காகக் கேட்கிறேன்

வயற்காரன் (கிளிநொச்சி):

வணக்கம் உறவுகளே. நான் இரணைமடுப் பக்கம். பகலில் வயல், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்குகிறேன். மண்டபம், ரிங் ஒன்றும் கிடையாது. சூடடிக்கிற களம்தான் எங்கள் ரிங். ஓரத்தில் நிற்கிற பாலை மரத்தில் உரப்பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று விட்டு, பழந்துணியும் மரத்தூளும் அடைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன். (முதலில் மணல் போட்டுப் பார்த்தேன், இரண்டு கிழமையில் அடியில் இறுகிக் கல்லாகிவிட்டது, பிள்ளைகளின் மணிக்கட்டுக்கு அது கூடாது. யாராவது செய்யப் போனால் கவனியுங்கள்.)

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் 17 வயதுப் பெடியன் ஒருவன் பழகுகிறான். நெல் மூட்டை தூக்கி வளர்ந்த தோள். அவனுடைய வலக்கை ஒருமுறை சரியாகப் பட்டால் எதிரில் நிற்பவன் அதற்குப் பிறகு கிட்டவே வரமாட்டான், அப்படி ஒரு கை. போன மாதம் ஒரு போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று நிமிடப்படி மூன்று ரவுண்ட். எதிரே வந்த பிள்ளை இவனை விட மெலிவு, குத்தில் பாரமும் இல்லை, ஆனால் புள்ளியில் அவன்தான் வென்றான். இரண்டாவது ரவுண்ட் முழுக்க இவன் காற்றைத்தான் குத்திக்கொண்டு நின்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு சொல் கதைக்கவில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்று எல்லோரும் கச்சான் வாங்க இறங்கிய நேரம்தான் வாய் திறந்தான்: "அண்ணை, என்னட்ட என்ன குறையுது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தொழில்முறைச் சண்டையில் நடுவர்கள் நான்கு விஷயம் பார்ப்பார்கள் என்று பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்வேன்: சுத்தமாகப் பட்ட குத்து, பலன் தருகிற முன்னேற்றம், ரிங்கைத் தன் வசத்தில் வைத்திருப்பது, தற்காப்பு. இந்த நாலும் இருந்தால் முழுமை என்று சொல்லிவிடலாமா? நாலையும் தனித்தனியாகப் பழக்கிக் கொடுத்தால் போதுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலும் ஓரளவுக்குத் தெரிந்த பிள்ளைகள் ரிங்குக்குள் போனதும் நாலும் நாலு துண்டாகத்தான் தெரிகிறது, ஒன்றாகச் சேர்வதில்லை.

என் கணக்கில் முழுமையான ஆள் என்றால் சுகர் ரே ரொபின்சன். 1957 ஜனவரியில் ஜீன் புல்மரிடம் பட்டத்தை இழந்தார். மே 1ஆம் திகதி அதே ஆளை ஐந்தாம் ரவுண்டில் ஒரே ஒரு இடக்கை ஹூக்கில் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுகிற குத்து) விழுத்தினார், அதுவும் பின்னால் நகர்ந்துகொண்டே. அப்போது அவருக்கு 36 வயதாக இரண்டே நாள் இருந்தது. முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அவருக்குக் கை வேலை செய்யும்.

பழக்குகிறவர்கள், சண்டை போட்டவர்கள், பார்த்தே அறிந்தவர்கள், யாரானாலும் சொல்லுங்கள். எதை முதலில் பழக்குவது என்றும் சொன்னால் பெரிய உதவி.


கரைவலை (முல்லைத்தீவு):

தம்பி, நீங்கள் ரொபின்சனைச் சொன்னபடியால் நானும் அவரிலிருந்தே தொடங்குகிறேன். 1952 ஜூன் 25, நியூயோர்க் யாங்கி மைதானம். மிடில்வெயிட் சம்பியனாக இருந்த ரொபின்சன் ஒரு படி மேலே ஏறி லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஜோயி மாக்சிமுடன் மோதினார். அன்றைக்கு ரிங் ஓரத்தில் வெப்பம் 40 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தது. பத்தாம் ரவுண்டுக்குப் பிறகு நடுவரே தாங்க முடியாமல் இறங்கிப் போக வேறொரு நடுவரை ஏற்றினார்கள், அப்படியான வெக்கை. ரொபின்சன் புள்ளியில் நன்றாக முன்னால் நின்றார். எல்லாக் குத்தும் அவருடையதுதான். ஆனால் 13ஆம் ரவுண்ட் முடிந்து மூலையில் இருந்தவர் 14க்கு எழும்பவில்லை. மாக்சிம் பிடித்து, சாய்ந்து, மூச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். ஏறத்தாழ 200 சண்டை போட்ட ரொபின்சன் முடிக்க முடியாமல் நின்றது அந்த ஒரு தரம் மட்டும்.

நான் சொல்ல வருவது என்னவென்றால், மூச்சு இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன நாலும் இல்லை. ஜோர்ஜ் போர்மனைப் பாருங்கள். 1974இல் கின்ஷாசாவில் முகமது அலியிடம் எட்டாம் ரவுண்டில் விழும்போது அவருக்கு 25 வயது, அதுவரைக்கும் 40 சண்டையில் ஒன்றும் தோற்கவில்லை. அலி கயிற்றில் சாய்ந்து நின்று அவரை அடிக்க விட்டார், அவரும் அடித்து அடித்தே வெறுமையானார். பிறகு 1994 நவம்பரில், 45 வயதில், மைக்கல் மூரரிடம் புள்ளியில் பின்தங்கி நின்றவர் பத்தாம் ரவுண்டில் ஒரு வலக்கையால் விழுத்திப் பட்டத்தைத் திரும்ப எடுத்தார். கை அதே கை. ஆனால் இந்த முறை மூச்சை எண்ணிச் செலவழித்தார்.

எங்கள் பக்கம் கரைவலை இழுக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக வருகிற பெடியன் தோளால் இழுப்பான், அரை மணித்தியாலத்தில் மணலில் இருந்துவிடுவான். பழையவர்கள் காலை ஊன்றி உடம்பைச் சாய்த்து, அம்பாப் பாட்டுக்கு மூச்சை விட்டு விட்டு இழுப்பார்கள், மடி கரைக்கு வரும்வரை நிற்பார்கள். அந்த மூச்சைத்தான் உங்கள் பிள்ளைக்கு முதலில் பழக்க வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் மூக்கால் சுருக்கென்று மூச்சு வெளியே போக வேண்டும். பல பிள்ளைகள் பலமாக அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், அதுதான் இரண்டாம் ரவுண்டில் கை பாரமாவதற்குப் பெரிய காரணம். வெயில் காலத்தில் ஓட்டத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள், தண்ணீர் குடிக்க விடுங்கள். களைக்காதவனுக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி நிமிடத்திலும் கையில் இருக்கும்.


மாங்குளத்தான்:

எனக்கு இந்த "முழுமை" என்ற பேச்சே பிடிப்பதில்லை. ஜோ பிரேசியரிடம் என்ன இருந்தது? ஒரு இடக்கை ஹூக். அலியை விட உயரம் குறைவு, கை நீளம் குறைவு, வலக்கை சும்மா. ஆனால் 1971 மார்ச் 8இல் பதினைந்து ரவுண்ட் விரட்டி, கடைசி ரவுண்டில் அந்த ஒரு ஹூக்கால் அலியைத் தரையில் விழுத்தி, மூன்று நடுவர்களும் ஒத்துப்போக வென்றார். ஒன்றை ஒழுங்காகச் செய்தால் போதும். அந்தப் பெடியனுக்கு நல்ல வலக்கை இருக்கிறது என்கிறீர்கள், அதை இன்னும் கூர்மையாக்குங்கள். எல்லாம் பழக்கப் போய் இருக்கிற கையையும் கெடுத்துவிடாதீர்கள். கெட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.


இடக்கைக்காரி (வவுனியா):

மாங்குளத்து அண்ணா, பிரேசியர் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி சரி. அந்த ஹூக் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தன்னை விட நீண்ட கையுள்ள அலியின் ஜாப்புக்கு (முன்னால் இருக்கிற கையை நேரே நீட்டி அடிக்கிற குத்து) கீழே குனிந்து குனிந்து உள்ளே போய், ஹூக் எட்டுகிற தூரத்தில் பதினைந்து ரவுண்டும் நின்றாரே, அது யாருடைய வேலை? தலையசைவும் காலும்தான். ஹூக் கடைசியில் வந்த குத்து, அதற்கு முன் நடந்ததுதான் பிரேசியர்.

நான் 51 கிலோவில் சில வருடம் சண்டை போட்டவள், இப்போது இரண்டு தங்கச்சிமாருக்குப் பழக்குகிறேன். என் அனுபவத்தில் ஒருவரின் முழுமையைக் குத்து அடிக்கும்போது பார்க்கக் கூடாது, அடித்து முடித்த அடுத்த கணத்தில் பார்க்க வேண்டும். குத்து பட்டதோ பிழைத்ததோ, கை எங்கே திரும்பி வந்தது, பின்கால் எங்கே நிற்கிறது, தலை அதே கோட்டில் இருக்கிறதா விலகிவிட்டதா, உடனே இன்னொரு குத்து அடிக்கவோ ஒரு குத்தைத் தடுக்கவோ உடம்பு ஆயத்தமா? வயற்கார அண்ணா கேட்ட அந்த நாலும் ஒட்டுகிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அடித்த கை கன்னத்துக்குத் திரும்பினால் தற்காப்பு. கால் ஒரு அடி பக்கமாகப் போனால் ரிங் உங்கள் கையில். அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த குத்து போனால் முன்னேற்றம். தனித்தனியாகப் பழக்கினால் இவை தனித்தனியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, நினைத்தது நடக்காவிட்டால் வேறொன்றை எடுக்கத் தெரிய வேண்டும். 1980 ஜூனில் மொன்றியலில் சுகர் ரே லெனார்ட், ரொபேர்ட்டோ டுரானோடு டுரானின் சண்டையையே போட்டார், நெஞ்சோடு நெஞ்சு முட்டி நின்று, தோற்றார். ஐந்து மாதம் கழித்து நியூ ஓர்லியன்சில் அதே ஆளோடு சுற்றிச் சுற்றி நகர்ந்து போட்டார், எட்டாம் ரவுண்டில் டுரான் தானே சண்டையைக் கைவிட்டுவிட்டார். ஐந்து மாதத்தில் லெனார்டுக்குப் புதுக் குத்து ஒன்றும் முளைக்கவில்லை. இருந்ததில் எதை எடுப்பது என்று தெரிந்துகொண்டார். டுரானைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1972இல் லைட்வெயிட் பட்டம் எடுத்த அந்த மனிதர் 1989இல் 37 வயதில் மிடில்வெயிட் பட்டமும் எடுத்தார், தன்னை விட எவ்வளவோ பெரிய பார்க்லியிடமிருந்து.

மேரி கோமையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். அவருடைய எடை 48 கிலோ. 2012இல் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது அந்தப் பிரிவே இல்லை, ஆகக் குறைந்தது 51. தன்னை விட உயரமானவர்களோடு மோத வேண்டும் என்று தெரிந்து ஏறிப் போய் வெண்கலம் எடுத்தார். அந்த வருடம் நான் பார்த்த ஒவ்வொரு சண்டையையும் அவருக்காகத்தான் பார்த்தேன்.

கால் பழக்க இங்கே விலை கொடுத்து ஒன்றும் வாங்கத் தேவையில்லை. கிளித்தட்டு விளையாட விடுங்கள். கோட்டைக் கடக்கப் போகிறவன் இடப்பக்கம் போவது போல் தோளைக் காட்டி வலப்பக்கம் பாய்வான், மறிக்கிறவன் தோளைப் பார்த்து ஏமாறாமல் இடுப்பைப் பார்ப்பான். ரிங்கில் ஏமாற்றுக் குத்துக் காட்டுவதும் அதுவேதான். உக்ரைனின் லொமச்சென்கோவைச் சின்ன வயதில் அவருடைய தகப்பன் குத்துச்சண்டையை நிறுத்திவிட்டு நடனம் பழக அனுப்பினார், அந்தக் கால்களால் 2008இலும் 2012இலும் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார். எங்கள் ஊர்களில் காத்தவராயன் கூத்துக்குச் சிந்துநடை ஆடுகிற பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள், தாளம் தவறாமல் எடை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் போகும்.

முக்கியமாக ஒன்று கேட்கிறேன் அண்ணா. அந்தப் பெடியனை "அடி தாங்கப் பழக வேண்டும்" என்று தலையில் அடி வாங்க விடாதீர்கள். 1982இல் கொரியாவின் கிம் டுக்-கூ 14ஆம் ரவுண்ட் வரை தாங்கினார், சில நாளில் இறந்தும் போனார், அதற்குப் பிறகுதான் 15 ரவுண்டை 12 ஆகக் குறைத்தார்கள். தாங்குகிற மனம் அவரிடம் தேவைக்கு மேல் இருந்தது. பழகும் வயதில் ஒரு பிள்ளையிடம் அதைத் தேடக் கூடாது.

சண்டையின் வீடியோ இருக்கிறதா? இருந்தால் குத்தைப் பார்க்காமல் காலை மட்டும் பாருங்கள்.


வயற்காரன்:

தங்கச்சி, பெரிய உபகாரம். போனில் எடுத்த வீடியோ இருந்தது. இரவு பெடியனையும் பக்கத்தில் இருத்தி, திரையின் மேல் பாதியைக் கடதாசியால் மறைத்துக் கால்களை மட்டும் பார்த்தோம். இவ்வளவு நாளும் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று மனம் நொந்துவிட்டது. வலக்கையை விடும் ஒவ்வொரு முறையும் அவனுடைய பின்கால் இழுபட்டு வந்து முன்காலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இரண்டு காலும் ஒரே கோட்டில், சேர்ந்து. அப்படி நிற்பவன் அடிக்கவும் முடியாது, விலகவும் முடியாது. அந்த மெலிந்த பிள்ளை இதை முதல் ரவுண்டிலேயே கண்டுபிடித்துவிட்டான். வலக்கை வர அரை அடி பின்னால் போகிறான், கால் சேர்ந்ததும் வந்து இரண்டு ஜாப் போட்டுவிட்டுப் போகிறான். இரண்டாம் ரவுண்டில் மட்டும் ஒன்பது தரம் எண்ணினோம்.

பெடியன் கனநேரம் பார்த்துவிட்டு, "அப்ப அவன் என்னை அடிக்கேல்லை அண்ணை, நான்தான் போய் நிண்டிருக்கிறன்" என்றான்.

கரைவலை அண்ணா, நீங்கள் சொன்னதும் அதில் தெரிந்தது. மேல் பாதியை மறைத்த கடதாசியை எடுத்துவிட்டு வாயைப் பார்த்தால், வலக்கை விடும்போது வாயை இறுக மூடி மூச்சைப் பிடிக்கிறான்.


ஜெய்ப்பூர்க்கால் (புதுக்குடியிருப்பு):

இந்தத் திரியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் குத்துச்சண்டை போட்டவன் இல்லை, பார்க்கிறவன். 2009இல் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, செயற்கைக் காலோடு நடக்கப் பழக எனக்கு ஒரு வருடத்துக்குக் கிட்ட எடுத்தது. அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் பழகினேன்: எடை இப்போது எந்தக் காலில் இருக்கிறது என்று பார்க்காமலே அறிவது. இரண்டு காலும் சேர்ந்து நின்றால் விழுவேன். அகலம் கூடினாலும் விழுவேன். எடையை முழுக்க முன்னுக்கு எறிந்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

உங்கள் பெடியன் வலக்கையோடு முழு எடையையும் எறிந்துவிடுகிறான் என்று நினைக்கிறேன். கால் பின்னால் இழுபட்டு வருவது அதனால்தான், கால் குற்றவாளி இல்லை. எங்களுக்குப் பழக்கிய அக்கா கண்ணைக் கட்டிவிட்டு ஒரு காலில் நிற்க வைத்து, தோளில் மெல்லத் தட்டுவார். எந்தப் பக்கம் சரிகிறோம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். உங்கள் பிள்ளைக்கும் அதைச் செய்து பாருங்கள்.

உக்ரைனின் ஹெவிவெயிட் வீரர் உசிக்கின் சண்டைகளை நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். 2024 மே மாதம் ரியாத்தில் பியூரியோடு நின்றபோது உசிக்கின் உயரம் 191 சென்டிமீற்றர், பியூரிக்கு 206. நடு ரவுண்டுகளில் பியூரி வயிற்றுக்கும் தாடைக்கும் நல்ல அடி போட்டார், உசிக் பின்தங்கினார் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் காலைப் பாருங்கள், ஒரு இடத்திலும் சேரவில்லை, ஒரு இடத்திலும் அகலவில்லை. ஒன்பதாம் ரவுண்டில் ஒரு இடக்கை பட்டதும் அடுத்தடுத்து அத்தனை குத்து எப்படி வந்தது? ஒவ்வொன்றுக்கும் கால் ஏற்கெனவே போய் நின்றது. பியூரியைக் கயிறுதான் தாங்கியது, நடுவர் எண்ணினார். அந்த இரவு நான் வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன்.


மாங்குளத்தான்:

தங்கச்சி பிரேசியர் பற்றிச் சொன்னதைப் பழைய வீடியோவில் திரும்பப் பார்த்தேன். சரிதான், ஹூக்குக்கு முந்திய குனிவை நான் கவனிக்காமலே விட்டிருக்கிறேன். ஆனாலும் என் சொல்லை முழுக்க விடமாட்டேன். வயற்காரன், அவனுடைய வலக்கையை இரண்டாவது இடத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். காலைத் திருத்துவதும் மூச்சைத் திருத்துவதும் அந்தக் கை போய்ச் சேருவதற்காக என்று அவனுக்குச் சொல்லிப் பழக்குங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் அழகாக நகரத் தெரிந்த, ஒருவரும் பயப்படாத பெடியன் ஒருவன் உங்களிடம் இருப்பான்.


இடக்கைக்காரி (வவுனியா):

இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. வலக்கைக்கு முன்னால் ஜாப் போகட்டும், வலக்கைக்குப் பின்னால் இடக்கை ஹூக் வரட்டும். பின்னால் ஒரு ஹூக் அடிக்க வேண்டும் என்றால் எடையை முழுக்க எறிய முடியாது, உடம்பு தானாகவே கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளும். கால் தானாகத் திருந்த அது நல்ல வழி, சொல்லிச் சொல்லித் திருத்துவதை விட. முதலில் மெதுவாக, பையில் இல்லாமல் காற்றில்.


வயற்காரன்:

நேற்றுப் பின்னேரம் தொடங்கிவிட்டோம். களத்தில் சாம்பலால் கிளித்தட்டுக் கோடு போட்டேன், முதல் அரை மணித்தியாலம் விளையாட்டு. சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய சந்தோஷம், இவன் முதலில் கொஞ்சம் வெட்கப்பட்டான், பிறகு அவன்தான் விடமாட்டேன் என்று நின்றான். அப்புறம் இரண்டு கணுக்காலையும் பழைய சைக்கிள் ரியூப்பால், தோள் அகலத்துக்கு இடைவெளி விட்டுத் தொடுத்துக் கட்டி, ஜாப், வலக்கை, ஹூக் என்று மெதுவாக அடிக்க விட்டேன். கால் சேர்ந்தால் ரியூப் தொய்ந்துபோய் நிலத்தில் விழும், அகன்றால் இழுக்கும், அவனுக்கே தெரிந்துவிடும், நான் வாய் திறக்கத் தேவையில்லை. முதல் இருபது தரத்தில் பதினெட்டுத் தரம் ரியூப் நிலத்தில் கிடந்தது. இருட்டும்போது பாதிக்குப் பாதி.

புதுக்குடியிருப்பு அண்ணை, கண்ணைக் கட்டி நிற்க வைத்துத் தோளில் தட்டியும் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் முன்னுக்குத்தான் சரிகிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வசதியென்றால் வந்து அவனைப் பாருங்கள், பரந்தன் சந்திக்கு மோட்டார் சைக்கிளோடு நான் வந்து நிற்பேன்.